மே மாதம் சென்னை, மூன்று நாள்: இந்தத் திட்டம் தேறுமா?

வைகைக்கரை கேட்கிறார்:

வணக்கம். மே இரண்டாம் வாரம் சென்னை வருகிறோம். ஐந்து பேர்: நாங்கள் இருவர், 9 வயதுப் பையன், எழுபதைத் தாண்டிய அப்பா அம்மா. அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதரையில் நடப்பார், படி ஏறுவதுதான் சிரமம். வெள்ளி விடியற்காலை 5 மணிக்கு எழும்பூரில் இறங்குகிறோம், ஞாயிறு இரவு 9 மணிக்கு எழும்பூரிலிருந்தே ரயில். தங்குவதும் எழும்பூரில்தான்.

போட்டு வைத்திருக்கும் திட்டம்:

வெள்ளி: காலையில் எழும்பூர் மியூசியம், கோட்டை மியூசியம். மதியம் கபாலீஸ்வரர் கோயில், சாந்தோம். மாலையில் கலங்கரை விளக்கம், மெரினா.
சனி: வண்டலூர் உயிரியல் பூங்கா, அப்படியே மாமல்லபுரம், திரும்பும்போது தட்சிணசித்ரா.
ஞாயிறு: அடையாறு ஆலமரம், மெரினாவில் பையனுக்குக் கடல் குளியல், தி.நகர்.

அதிகமாகத் திணித்துவிட்டேனா? மெட்ரோ நல்லதா, ஆட்டோவா? ஞாயிறு அறையைக் காலி செய்த பிறகு பெட்டிகளை எங்கே வைப்பது?

---

மாடவீதி பதில்:

இடங்கள் எல்லாம் சரி, கிழமையும் நேரமும்தான் தலைகீழ். சென்னையில் தூரத்தைப் பார்த்துத் திட்டம் போட்டால் பூட்டிய கேட்டுக்கு முன்னால்தான் நிற்க வேண்டிவரும். எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை விடுமுறை. கோட்டை மியூசியமும் வெள்ளிதான். ஆக உங்கள் முதல் நாள் காலை அப்படியே போச்சு. அடையாறு ஆலமரம் இருப்பது பிரம்மஞான சபை வளாகத்துக்குள், ஞாயிறு பார்வையாளர்களை விடுவதில்லை. மற்ற நாட்களிலும் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம்தான். அந்த மரத்தின் மூல அடிமரம் 1989-இலேயே சாய்ந்துவிட்டது, இப்போது இருப்பது விழுதுகள் தாங்கும் தோப்பு. உங்கள் நேரத்துக்குள் அதைத் திணிக்க வேண்டாம்.

அடுத்தது கோயில். கபாலீஸ்வரர் கோயில் காலை நடையை 12 மணி வாக்கில் சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பார்கள். ‘மதியம் கபாலீஸ்வரர்’ என்பது நடக்காத காரியம். திறந்திருந்தாலும் மே மாதத்தில் 10 மணிக்கு மேல் பிராகாரக் கல்லில் வெறுங்காலோடு நடக்க முடியாது. வெள்ளையடித்த பாதையில் நடந்தாலும் பெரியவர்களுக்குக் கஷ்டம்தான்.

எனவே வெள்ளிக்கிழமையை மயிலாப்பூரில் தொடங்குங்கள். குளித்துவிட்டு ஆறரைக்குக் கிளம்பினால் ஏழுக்கு அங்கே இருக்கலாம். வெள்ளி என்பதால் கூட்டம் இருக்கும். மாலையைவிடக் காலையில் குறைவு. எல்லோரும் கிழக்கு ராஜகோபுரத்துக்கு எதிரே வண்டியை நிறுத்துவார்கள். ஆனால் மூலவர் மேற்குப் பார்த்தவர், கொடிமரமும் மேற்கில். அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் குளத்துப் பக்கம் இறங்கி மேற்கு வாசல் வழியே போங்கள், பாதிச் சுற்று மிச்சம். கற்பகாம்பாள் தெற்குப் பார்த்த சந்நிதி, பக்கத்திலேயே. புன்னை மரத்தடியில் அம்பாள் மயில் உருவில் பூசை செய்யும் சிறு சந்நிதியைப் பையனுக்குக் காட்டுங்கள், ஊர்ப் பெயரே அங்கிருந்துதான். சம்பந்தர் எலும்பிலிருந்து எழுப்பிய பூம்பாவைக்கும் தனிச் சந்நிதி உண்டு. இப்போதுள்ள கோயில் 16-ஆம் நூற்றாண்டுக்குப் பிந்தியது. பழைய கோயில் கடற்கரையில் இருந்தது, போர்த்துகீசியர் காலத்தில் அழிந்தது. கோபுரம் 1906-இல் எழுந்தது.

எட்டரைக்கு மாட வீதியில் டிபன். அங்கிருந்து சாந்தோம் தேவாலயம் ஒன்றரைக் கிலோமீட்டர்கூட இல்லை. போர்த்துகீசியர் 1523-இல் கட்டியதை இடித்துவிட்டு 1890-களில் பிரிட்டிஷார் காலத்தில் கோதிக் பாணியில் எழுப்பியது. புனித தோமையார் கல்லறை தரைக்குக் கீழே, அதற்குப் பின்புறம் தனி வாசல். அங்கே படி இறங்க வேண்டும், அம்மா மேலே தேவாலயத்துக்குள் உட்கார்ந்திருக்கலாம். அடுத்து கலங்கரை விளக்கம்: 10 முதல் 1 வரை, மறுபடி 3 முதல் 5 வரை, திங்கள் விடுமுறை. மாலையில் மெரினா போகும்போது ஏறலாம் என்று வைத்துக்கொண்டால் ஐந்து மணிக்குக் கதவு சாத்தியிருக்கும். காலை பத்துக்கே போய்விடுங்கள். 1977-இல் திறந்தது, லிஃப்ட் உள்ள கலங்கரை விளக்கம், அம்மாவும் வரலாம். மேலே நின்றால் வடக்கே துறைமுகம், மெரினாவின் முழு நீளம், மேற்கே கோபுரம் எல்லாம் ஒரே பார்வையில்.

ஒரு எச்சரிக்கை: லஸ், கச்சேரி சாலை, கலங்கரை விளக்கம் பக்கமெல்லாம் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகத் தோண்டியவை. வரைபடத்தில் பத்து நிமிடம் என்று காட்டினால் இருபத்தைந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

---

கடற்காற்று பதில்:

மாடவீதி சொன்னதோடு மே மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அது கத்திரி நேரம். சென்னையில் வெப்பம் எத்தனை டிகிரி என்பதைவிடக் கடற்காற்று எத்தனை மணிக்கு உள்ளே வருகிறது என்பதுதான் அந்த நாளின் தலையெழுத்து. தரை சூடேறினால் கடல் பக்கமிருந்து குளிர்காற்று உள்ளே நுழைய வேண்டும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று பலமாக இருந்தால் அதைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். நல்ல நாளில் 12, 1 மணிக்குக் காற்று திரும்பும். மோசமான நாளில் 3 மணி ஆகும், சில நாள் வரவே வராது. 40 டிகிரியைத் தாண்டுவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான். கடலிலிருந்து தள்ளி இருக்கும் மீனம்பாக்கத்தில் நுங்கம்பாக்கத்தைவிட வெப்பம் கூடுதலாகப் பதிவாவதற்கும் இதுவே காரணம், காற்று அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

காலை 11 மணிக்கு வானிலைச் செயலியில் காற்றின் திசையைப் பாருங்கள். கிழக்கு அல்லது தென்கிழக்கு என்றால் பிற்பகலில் வெளியே போகலாம். மேற்கு, வடமேற்கு என்றால் நாலரை வரை கூரைக்குக் கீழேயே இருங்கள். காற்று வந்த பிறகு வெப்பம் குறையும், ஆனால் புழுக்கம் கூடும். வியர்வை காயாது, தாகமும் தெரியாது. பெரியவர்களுக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, உப்புப் போட்ட மோரோ ஓ.ஆர்.எஸ். கரைசலோ மணிக்கொரு தடவை கொடுங்கள். சிறுநீரக, இரத்த அழுத்த மருந்து சாப்பிடுபவர்கள் என்றால் உப்பு அளவை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மியூசியம் வெள்ளி மூடல் என்பதால் அன்று மதியத்துக்கு என் யோசனை கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-இல் திறந்தது, குளிர்சாதன வசதி, குழந்தைகளுக்குத் தனிப் பிரிவு. அப்பா தமிழ்ப் பகுதியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். அதே சாலையில் பிர்லா கோளரங்கம், தமிழ்க் காட்சியும் ஆங்கிலக் காட்சியும் தனித்தனி. டிக்கெட் வாங்கும்போது எது என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் இருட்டில் உட்கார்ந்து ஆங்கிலம் கேட்க வேண்டிவரும். அங்கிருந்து மாலை 5 மணிக்கு பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரை பக்கம்தான். மணல் அகலம் குறைவு, சாலையிலிருந்து அலை வரை அம்மாவால் நடக்க முடியும். வேளாங்கண்ணி மாதா கோயிலும் அஷ்டலட்சுமி கோயிலும் அதே கரையில்.

மெரினாவை ஞாயிறு விடியலுக்கு வையுங்கள். கிழக்குக் கடற்கரை, சூரியன் எழுவதுதான் கடலில். மாலையில் அது நகரத்துக்குப் பின்னால் மறையும். மே நடுவில் உதயம் ஏறக்குறைய 5.45. ஞாயிறு மாலை மெரினா என்பது மனிதத் தலைகளைப் பார்க்கப் போவது.

கடல் குளியலைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்க எதுவுமில்லை. மெரினாவில் கரை சரிவாக இறங்காது, நாலைந்து அடியிலேயே சட்டென்று ஆழமாகும். அலை கரை மேலேயே உடைந்து திரும்பும்போது காலுக்குக் கீழ் மணலை உருவிக்கொண்டு போகும். முழங்கால் ஆழத்தில் நிற்பவன் அடுத்த அலையில் இடுப்பளவில் இருப்பான். கரையோர நீரோட்டம் வேறு பக்கவாட்டில் இழுக்கும். குளிக்கத் தடை இருக்கிறது, காவலர்கள் விசில் ஊதுவார்கள். ஈர மணலில் நின்று கால் நனைப்பதோடு சரி, பையன் கை உங்கள் கையில்.

மெரினா மணல் இவ்வளவு அகலமாக இருப்பதற்குக் காரணம் துறைமுகம். இந்தக் கரையில் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டு போகும். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கியது. வடக்கே ராயபுரம், காசிமேட்டுக் கரையைக் கடல் அரித்தது. அங்கே இன்றும் கல் கொட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சாலையிலிருந்து அலைக்கு அம்மா அந்த மணலில் நடக்க முடியாது. விவேகானந்தர் இல்லம் பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக மரத்தால் அமைத்த சாய்வுப் பாதை இருக்கிறது, அங்கே இறக்கிவிடுங்கள்.

---

கல்தச்சன் பதில்:

சனிக்கிழமை பற்றி மட்டும். வண்டலூரும் மாமல்லபுரமும் தெற்கேதான், ஆனால் வேறு வேறு சாலை. ஒன்று திருச்சி போகும் ஜி.எஸ்.டி. சாலை, மற்றது ஈ.சி.ஆர். என்னும் கிழக்குக் கடற்கரைச் சாலை. வண்டலூர் பூங்கா 600 ஹெக்டேர், அரை நாளுக்குள் அடங்காது. மே வெயிலில் பாதி விலங்குகள் நிழல் தேடிப் பின்னால் போய்ப் படுத்திருக்கும். அதை விடுங்கள்.

மாமல்லபுரத்துக்கு விடியற்காலை 5 மணிக்கே கிளம்ப வேண்டும். நகரத்திலிருந்து 55–60 கிலோமீட்டர். நினைவுச் சின்னங்கள் காலை 6 மணிக்குத் திறக்கும். ஆறரைக்கு அங்கே இருந்தால் மூன்று மணி நேரம் பொறுக்கக்கூடிய வெயில் கிடைக்கும். பத்து மணிக்குப் போய் இறங்குபவர்கள்தான் ‘மாமல்லபுரத்தில் என்ன இருக்கிறது, வெயில்தான்’ என்று திரும்புவார்கள். தொல்லியல் துறை நுழைவுச் சீட்டு இந்தியர்களுக்கு ₹40, 15 வயதுக்குக் கீழ் இலவசம். கடற்கரைக் கோயிலில் வாங்கிய சீட்டே ஐந்து ரதத்துக்கும் செல்லும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் ஐந்து ரதம். அங்கே நிழல் கிடையாது, மணல் எட்டரைக்கே சுட ஆரம்பிக்கும். ஐந்தும் கட்டியவை அல்ல, பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியவை. அடிப்பகுதி முடியாமல் நிற்பதைக் கவனித்தால் வேலை எந்தத் திசையில் போனது என்று பையனுக்கே புரியும். திரௌபதி ரதம் கூரை வேய்ந்த குடிசை வடிவம். நகுல சகாதேவ ரதத்தின் பின்புறம் வளைந்திருக்கும், பெயர் தூங்கானை மாடம். படுத்த யானையின் முதுகு போன்ற வடிவம் என்பதைக் காட்டவே பக்கத்தில் கல் யானையை நிறுத்தியது போல இருக்கும். அதைப் பின்னாலிருந்து பாருங்கள், முன்னாலிருந்து படம் எடுத்துவிட்டு நகர்பவர்களுக்கு இது தெரிவதில்லை.

அடுத்து கடற்கரைக் கோயில், ராஜசிம்மன் காலம், 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். இது செதுக்கியது அல்ல, கல் அடுக்கிக் கட்டியது. ரதங்களைப் பார்த்த கையோடு பார்த்தால் வித்தியாசம் உறைக்கும். கடைசியாக அர்ச்சுனன் தபசு. சாலையோரத்திலேயே இருக்கிறது, சீட்டு வேண்டாம். கிழக்குப் பார்த்த பாறை, காலை வெளிச்சத்தில்தான் செதுக்கல் புடைத்துத் தெரியும், பிற்பகலில் தட்டையாகிவிடும். பெரிய யானையின் காலடியில் ஒரு பூனை முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும், சுற்றிலும் எலிகள். மேலே ஒற்றைக் காலில் நிற்கும் தவசியின் அதே நிலை. பையன் தானாகக் கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள். குன்றின் மேல் மண்டபங்களும் கலங்கரை விளக்கமும் படியேற்றம், அம்மாவுக்கு வேண்டாம். வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கீழிருந்தே பார்க்கலாம்.

வண்டலூருக்குப் பதிலாகத் திரும்பும் வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணை. 1976-இல் தொடங்கியது, திங்கள்தான் விடுமுறை. மரநிழல் நிறைய, நடையும் குறைவு. முதலைகள் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும், பசியால் அல்ல, உடல் சூட்டைத் தணிக்க. ‘பொம்மையா?’ என்று கேட்டுக் கல்லெறிபவர்கள் உண்டு, பையனை முன்பே எச்சரியுங்கள். அங்கிருந்து வடக்கே போனால் முட்டுக்காடு தட்சிணசித்ரா. செவ்வாய்தான் விடுமுறை. மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு, தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரத்திலிருந்து பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்திய வீடுகளுக்குள் நுழைந்து நுழைந்து பாருங்கள். திண்ணையும் முற்றமும் இருப்பதால் அப்பா அம்மா வேண்டிய இடத்தில் உட்காரலாம். நாலு மணிக்குக் கிளம்பினால் வார இறுதி ஈ.சி.ஆர். நெரிசலுக்கு முன் நகரத்துக்குள் வந்துவிடலாம்.

---

வைகைக்கரை:

மியூசியம் வெள்ளி விடுமுறை என்பது தெரியாமலே டிக்கெட் போட்டுவிட்டேன், நல்லவேளை கேட்டேன். வண்டலூரை எடுத்துவிட்டேன். ஞாயிறு பகலுக்கு என்ன செய்யலாம்? வண்டி விஷயமும் பெட்டி விஷயமும் பாக்கி.

---

நடைமேடை பதில்:

ஞாயிறு விடியல் மெரினா, அங்கிருந்து திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில். 8-ஆம் நூற்றாண்டுப் பல்லவர் காலக் கோயில், தந்திவர்மன் கல்வெட்டு உண்டு. மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசையோடு நிற்பார். உற்சவர் முகத்தில் உள்ள வடுக்கள் பீஷ்மர் அம்பு பட்ட தழும்பு என்பது ஐதீகம். எட்டரைக்கு அறைக்குத் திரும்பி, குளித்து, காலி செய்யுங்கள்.

பெட்டிகளை எழும்பூர் நிலையத்தின் பொருள் வைப்பறையில் வைக்கலாம். ஒவ்வொரு பெட்டிக்கும் பூட்டு இருக்க வேண்டும். ஜிப் மூடியிருந்தால் போதாது, பூட்டு இல்லாததை வாங்க மாட்டார்கள். துணிப்பையைப் பெரிய பெட்டிக்குள் அடக்கிவிடுங்கள். பயணச் சீட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். உணவுப் பொருள் உள்ளே வைக்காதீர்கள், எலி இருக்கும். ரயிலுக்கு ஒரு மணி நேரம் முன்பே எடுங்கள், இரவு ரயில்கள் வரிசையாகக் கிளம்பும் நேரத்தில் அங்கே வரிசை நீளும். முக்கியமாக, எழும்பூரில் சீரமைப்பு வேலை நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்திலிருந்து கிளம்புவதுண்டு. பெட்டியை வைக்குமுன் உங்கள் ரயில் எங்கிருந்து என்று பார்த்துவிடுங்கள்.

அடுத்து எழும்பூர் அரசு மியூசியம், நிலையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுமார். உள்ளே பல கட்டடங்கள், எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் மனதில் நிற்காது. களைப்பதற்குமுன் நேரே வெண்கலக் கூடம். திருவாலங்காட்டு நடராசரும் திருவெண்காட்டு அர்த்தநாரியும் அங்கே. அர்த்தநாரியை ஒரு பக்கம் நின்று பார்த்துவிட்டு மறுபக்கம் வாருங்கள்: ஒரு பக்கம் இடுப்பு நேராக இறங்கும், மறுபக்கம் வளையும், ஆனாலும் இரண்டும் ஒரே உடலாக நிற்கும். அதற்குப் பிறகு அமராவதிச் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். பையனுக்குத் திமிங்கில எலும்புக்கூடு. சில கூடங்கள் பராமரிப்புக்காக மூடியிருக்கும், சீட்டு வாங்குமிடத்தில் வெண்கலக் கூடம் திறந்திருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

தெம்பு இருந்தால் பிற்பகலில் கோட்டை மியூசியம். 1947 ஆகஸ்ட் 15 அன்று கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பக்கத்தில் 1680-இல் கட்டி முடித்த புனித மேரி தேவாலயம், ராபர்ட் கிளைவ் திருமணம் நடந்த இடம். தலைமைச் செயலக வளாகம் என்பதால் அடையாள அட்டை, பை சோதனை எல்லாம் உண்டு. தி.நகரை மறந்துவிடுங்கள், ஞாயிறு மாலை ரங்கநாதன் தெருவில் முழங்கால் வலிக்காரரைக் கூட்டிப் போவது பாவம்.

வண்டி: ஆட்டோவில் மூவர்தான், ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ. சாதாரணக் காரில் ஓட்டுநர் நீங்கலாக நால்வர். எனவே செயலியில் ஆறு பேர் ஏறும் வண்டியைத் தேடுங்கள். பறக்கும் ரயிலில் திருமயிலை போகலாம் என்று யாராவது சொல்வார்கள். நிலையங்கள் எல்லாம் மாடி உயரத்தில், லிஃப்ட் ஓடாத நாள் உண்டு, அம்மாவுக்கு ஒத்துவராது. மெட்ரோவில் லிஃப்ட், நகரும் படி எல்லாம் ஒழுங்கு. ஆனால் முதல் கட்டத் தடம் மயிலாப்பூர், பெசன்ட் நகர் பக்கம் போகாது. ஞாயிறு கோட்டைக்குப் போக எழும்பூரில் ஏறி, சென்ட்ரலில் நீலத் தடத்துக்கு மாறி, உயர் நீதிமன்றத்தில் இறங்கலாம்.

சனிக்கிழமை வண்டியை முழு நாளுக்குப் பேசுங்கள். பேசும்போதே எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், ஈ.சி.ஆர். சுங்கம், மாமல்லபுரம் வாகன நுழைவுக் கட்டணம், பார்க்கிங், ஓட்டுநர் பேட்டா எல்லாம் சேர்த்தா தனியா என்று கேட்டு, பதிலை வாட்ஸாப்பில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். தகராறு வருவது எப்போதும் கடைசி அரை மணியில், ‘பேட்டா தனி சார்’ என்ற வார்த்தையில்தான்.

---

மாடவீதி பதில்:

நடைமேடை, ஒரே நாளில் இரண்டு மியூசியம் ஒன்பது வயதுக்கு அதிகம். விடியலில் எழுந்த பையன் வேறு. கோட்டைக்குப் பதிலாக எழும்பூரிலேயே ஓட்டல் பகல் அறை எடுத்து 2 முதல் 5 வரை எல்லோரும் படுத்து எழலாம், இரவு ரயிலில் பெரியவர்களுக்கு அதுதான் உதவும்.

---

நடைமேடை பதில்:

பையனைப் பொறுத்தவரை சரி. அப்பா கொடியைப் பார்க்க ஆசைப்பட்டால் அவரை மட்டும் மெட்ரோவில் கூட்டிக்கொண்டு ஒருவர் போய் வரட்டும், மற்றவர்கள் தூங்கட்டும். கோட்டை மியூசியம் 5 மணிக்கு மூடும், மூன்றரைக்குள் உள்ளே இருக்க வேண்டும்.